சுருக்கித் தளமும் இத்தாலியச் சுவரும்

தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் மதிப்பீடுகளில் மொட்டைமாடிக்கு ‘வெதரிங் கோர்ஸ்’ போடுவது பற்றிய குறிப்பு ஒன்று நெடுங்காலமாக வருகிறது. கொத்தனார்கள் அதைச் சுருக்கி போடுவது என்பார்கள். 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி. நீற்றிய சுண்ணாம்பு, மணல் சேர்க்கவே கூடாது. ஜல்லி 32 பங்கென்றால் சுண்ணாம்பு 12.5 பங்கு, வாட்டம் கொடுத்துப் பரப்பி, வெல்லம் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, இறுகும்வரை மரக்கட்டையால் அடிக்க வேண்டும். குறிப்பு இருப்பது ஆங்கிலத்தில். ஆனால் அதிலுள்ள ‘ஜெல்லி’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக்கு வெளியே ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் படித்தால் தின்பண்டம் என்றுதான் நினைப்பார். அது நம் ஜல்லி. கொத்தனாரின் வேலை, அதன் அளவோடும் வரிசையோடும், ஆங்கிலத்துக்குள் அப்படியே குடியேறியிருக்கிறது. கட்டடத்தைப் பழுதுபார்க்கும் தொழிலில் ஒரு சொல்லுக்குள் எதை முதலில் செய்வது, எதைச் சேர்க்கக் கூடாது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த முறையோடு சேர்ந்து சொல் மொழி தாண்டிய இடங்களில் கட்டடம் பிழைத்தது. பெயர் மட்டும் தாண்டிய இடங்களில் பழுதுபார்ப்பே புதிய பழுதாயிற்று. பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரையிலான சென்னைத் தென்புறநகரின் கட்டட வரலாறு எனக்கு இதைத்தான் சொல்கிறது.

இந்தப் பெயர்ப்பு வேலை இன்று நேற்று தொடங்கியதல்ல. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சிறந்த காரை தயாரிக்கும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1732-ல் அதை வெளியிட்டது. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கலந்து சில நாள் கிடத்துவது, வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து அதன்மேல் தெளித்து அடிப்பது, பயறைக் குழைய வேகவைத்து வடித்த நீரையும் கடுக்காயைக் காய்ச்சிய நீரையும் சேர்ப்பது என்று ஒவ்வொரு கட்டமும் அதில் வருகிறது. மேற்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர். சிறு செய்தி ஒன்றையும் பைக் விடவில்லை: இந்த இனிப்பு நீரை வேலையாட்கள் குடித்துவிடாதிருக்கச் சிறிது சுண்ணாம்பைக் கலந்துவைப்பது இங்கே வழக்கம் என்கிறார். வேலை நடக்கும் இடத்தை அறிந்தவரிடமிருந்துதான் இப்படியொரு தகவல் வந்திருக்க முடியும். வெல்லத்துக்கும் பயறுக்கும் கடுக்காய்க்கும் இங்கே புழங்கிய வணிகப் பெயர்களையே வைத்துக்கொண்டு, அவை என்ன என்று பக்கத்திலேயே விளக்குகிறார். சீமையில் கிடைக்கும் ஏதோ ஒரு பசையின் பெயரை அவர் போட்டிருந்தால் படிப்பவருக்கு எளிதாக இருந்திருக்கும், காரை உருவாகியிருக்காது.

தென்புறநகருக்கு வருவோம். பரங்கிமலை மெட்ராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடமாக இருந்தது, பல்லாவரம் கன்டோன்மென்டாக இருந்தது. படைவீடுகளும் அதிகாரிகளின் பங்களாக்களும் எழுந்தபோது கல் அருகிலேயே இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. பல்லாவரத்துக் கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அதே வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். கல்லுடைப்பவருக்கு அது கருங்கல், ஒப்பந்தக்காரருக்கு கிரானைட். மூன்று பெயர்களாலும் எந்தச் சுவருக்கும் கேடு வந்ததில்லை, ஏனென்றால் அவை பொருளின் பெயர்கள். சுருக்கி, சாந்து, பூச்சு என்பவை வேலையின் பெயர்கள். ஆபத்தெல்லாம் இந்த இரண்டாம் வகையில்தான்.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. இருப்புப்பாதையை ஒட்டி பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வீடுகள் பெருகின. அந்தக் காலத்து மாடி வீடுகளில் பரவலாக இருந்த கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன்மேல் சிறு கட்டைகள். அவற்றின்மேல் விரல்கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டுக் கிடையாது. ஒவ்வொரு வரிசையும் காய்ந்த முந்தைய வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குமேல் ஜல்லிச் சுண்ணாம்பு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை அமுங்காமல் எகிறி, கணீரென்று ஒலி வந்தால் தளம் இறுகியது என்று பொருள். பிறகு தட்டோடு, மேற்பூச்சு. இந்தக் கூரை மொத்தமும் சற்றே நெகிழும். ஈரத்தை உள்ளே வாங்கி வெயிலில் வெளியே விடும். மயிரிழை வெடிப்பு விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து அடைத்துவிடும். இப்படிப்பட்ட கூரையைப் பழுதுபார்ப்பது என்றால் கெட்ட பகுதியை மட்டும் எடுத்து, அதே கலவையை அதே முறையில் போட்டுத் தட்டுவது. அதற்குமேல் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் அந்த முறையில் சேர்ந்ததே.

எழுத்துக் குறிப்புகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1858-ல் பொதுப்பணித் துறை உருவானது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து 1920-ல் கிண்டிக்கு இடம் மாறியது. வேலைக்குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று இந்தக் கட்டத்தில் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது நியாயமில்லை. எழுதிய குறிப்பு இருந்ததால்தான் ஒப்பந்தக்காரர் சுண்ணாம்பைக் குறைத்து மணலைக் கூட்ட முடியாமல் போனது. பொதுப்பணத்துக்குக் கணக்கும் இருந்தது. நான் தொடக்கத்தில் காட்டிய குறிப்பே அதற்குச் சாட்சி. கேடு வந்தது மொழியால் அல்ல, சிமெண்ட் வந்தபோது பழைய வேலைப்பெயர்களுக்குள் புதுப்பொருளைப் புகுத்தியதால். இந்தியாவில் போர்ட்லேண்ட் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் நம் சென்னையிலேயே, அதுவும் கடற்கிளிஞ்சலைக் கொண்டே நடந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. அரை நூற்றாண்டுக்குள் பூச்சு என்றால் சிமெண்ட் பூச்சு, சாந்து என்றால் சிமெண்ட் சாந்து என்றாகிவிட்டது. சொல் அதேதான், அதனுள் இருந்த வேலை வேறு. புதுக் கட்டடத்துக்கு இது பொருந்தியது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அதே சொல்லை நம்பிச் சிமெண்டைப் பூசியபோது, நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கியது. உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கியது. ஒழுகிய மெட்ராஸ் டெரஸின் மேல் சிமெண்டை ஊற்றி மூடியபோது, தேக்குக் கட்டையின் தலைப்பு சுவருக்குள்ளேயே ஊறி உளுத்தது. வீட்டுக்காரர் கேட்டது ரிப்பேர். கிடைத்ததற்கும் ரிப்பேர் என்றே பெயர்.

இதே அனுபவம் இன்னும் கடுமையாக இத்தாலிக்கு நேர்ந்தது. உம்ப்ரியா பகுதியில் 1979 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பழைய கல்வீடுகளின் மரக்கூரையையும் மரத்தளத்தையும் எடுத்துவிட்டுக் கனமான கான்கிரீட் போட்டார்கள், வலுப்படுத்துவதாகவே நம்பினார்கள். 1997-ல் மறுபடி நிலம் ஆடியபோது செல்லானோ போன்ற ஊர்களில் அந்தப் பாரத்தைத் தாங்காமல் நலிந்த கற்சுவர்கள் பிதுங்கிச் சரிந்தன. அந்நாட்டுக் கட்டட விதிகள் சொற்களில் காட்டும் கண்டிப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ‘அதேகுவமெந்தோ’ என்றால் புதுக் கட்டடத்துக்குரிய பாதுகாப்பு அளவுக்கே கொண்டுவருவது. ‘மில்யோரமெந்தோ’ என்றால் அந்த அளவை எட்டாவிட்டாலும் இருப்பதைவிட மேம்படுத்துவது. மூன்றாவது, ஒரு பகுதியை மட்டும் தொடும் பழுதுபார்ப்பு. ஆங்கிலத்தில் இம்மூன்றையும் ‘ரெட்ரோஃபிட்டிங்’ என்ற ஒரே சாக்கில் போடுகிறார்கள். இன்னும் தெளிவான சான்று ‘ஸ்கூச்சி கூச்சி’. தையலைப் பிரி, தைத்துப் போடு என்று பொருள். சுவர் நின்றபடியே இருக்க, கெட்ட கல்லைச் சிறிது சிறிதாக எடுத்து, அந்த இடத்தில் நல்ல கல்லைப் பழைய வரிசையோடு கோத்து வைக்கும் வேலை அது. ஆங்கிலத்தில் இதை வெறும் ‘ஸ்டிச்சிங்’ என்று பெயர்த்தால் ஒப்பந்தக்காரர் துளைபோட்டு வெடிப்பின் குறுக்கே எஃகுக் கம்பியைச் செருகிவிட்டுப் போவார். ஆங்கிலக் கட்டடத் தொழிலில் அந்தச் சொல்லுக்கு வழக்கு அதுதான். கெட்ட கல் சுவருக்குள் அப்படியே இருக்கும், பில் மட்டும் சரியாக இருக்கும். நம் கொத்தனாரிடம் இத்தாலியச் சொல்லின் பொருளைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார், கல் மாற்றுவது அவருக்குத் தெரிந்த வேலை. இரண்டு கைத்தொழில்களுக்கு நடுவே நிற்கும் ஆங்கிலத்தில்தான் அது தொலைகிறது.

இத்தாலி நிலநடுக்க நாடு, அங்குள்ள கவலை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள். முதலாவது, 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதி சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. இரண்டாவது, நிலம் ஆடாவிட்டாலும் பாரமும் ஈரமும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின்மேல் மரக்கூரை இருந்த இடத்தில் ஆர்சிசி போட்டு, அதன்மேல் இன்னொரு மாடியும் எடுப்பது நம் புறநகரில் புதிதல்ல. செல்லானோவின் தவறும் அதே வகைதான். நம்மிடம் சொல்லே இல்லை என்றும் கூற முடியாது. 1993-ல் வந்த ஐஎஸ் 13935 என்ற இந்தியத் தரவிதி, பழுதுபார்ப்பது வேறு, இழந்த வலிமையை மீட்பது வேறு, முன்பு இல்லாத வலிமையைக் கூட்டுவது வேறு என்று மூன்றாகப் பிரித்தே சொல்கிறது. பூச்சு உதிர்ந்த இடத்தைப் பூசுவது முதல் வகை, அதனால் வலிமை கூடுவதில்லை என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை. அந்தப் பிரிவு தமிழுக்கு வரும்போதுதான் மூன்றும் ரிப்பேர் ஆகிவிடுகிறது.

கைவேலைக்குச் சொற்பட்டியல் எதற்கு, பைக்கைப் படித்தா நம் கொத்தனார் காரை குழைத்தார் என்று கேட்கலாம். வலுவான கேள்வி. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வேலை கைமாறிய காலத்தில் எழுத்து தேவைப்படவில்லை என்பது உண்மை. ஆனால் கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் ஊற வேண்டும் என்று அறிந்த கைகள் இன்று குறைவு. இப்போது வேலையை நடத்துவது காகிதம்; எழுதியதற்குத்தான் பில், எழுதாததைச் செய்தால் நஷ்டம். சேப்பாக்கத்துக் கலச மஹால் 2012-ல் தீயில் சிதைந்தது. பொதுப்பணித் துறை அதை மீட்டபோதும், பக்கத்திலுள்ள ஹுமாயூன் மஹாலைப் புதுப்பித்தபோதும் சுண்ணாம்புக் காரை திரும்பி வந்தது. கூரை மெட்ராஸ் டெரஸாகவே எழுந்தது. மறந்த கைகளுக்கு மறுபடி பழக்கிய வேலை அது. வேலையின் பெயரும் முறையும் ஒப்பந்தத்துக்குள் சேர்ந்தே நுழைந்தால் கைகளும் வந்து சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அரசு மாளிகைக்குத் துறை இருக்கிறது. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஐஐடியில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. குரோம்பேட்டையிலும் மேற்குத் தாம்பரத்திலும் இன்னும் மிஞ்சி நிற்கும் சுண்ணாம்பு வீடுகளுக்கு இருப்பது ஒரு கொத்தனாரும் ஒரு துண்டுச்சீட்டு எஸ்டிமேட்டும்தான். அந்தச் சீட்டில் ‘பூச்சு வேலை’ என்று எழுதும் இடத்தில் எந்தச் சுண்ணாம்பு, எத்தனை பங்கு, சிமெண்ட் சேரலாமா கூடாதா, எவ்வளவு பகுதியை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று நான்கு வரி எழுதவேண்டும். அந்த நான்கு வரிக்கான தமிழை இந்த மையங்கள் மேஸ்திரிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதித் தர வேண்டும். சுருக்கித் தளத்தைக் கணீரென்று தட்டி நிறுத்திய அனுபவமுள்ளவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.