வண்டி வரும் நேரம்

முதுமைக்கு அடையாளமாக நரையையும் திரையையும் கூறுவர். இவை உடலிலே தோன்றுவன. உள்ளத்திலே தோன்றும் அடையாளம் ஒன்றும் உண்டு. அது, "அந்தக் காலத்திலே" என்று தொடங்கும் பேச்சு. இப்பேச்சு எழுந்ததும் இளையோர் மெல்ல எழுந்து செல்வதும், முதியோர் நெருங்கி வந்து அமர்வதும் எந்நாட்டிலும் காணும் வழக்கமே. வன்னி நாட்டிலே இப்பேச்சுப் பெரும்பாலும் புகையிரதத்தில் வந்து முடியும். வண்டியின் ஊதல் கேட்டு மணிக்கூட்டைத் திருத்திய காலமொன்று இருந்தது என்று சொல்லாத முதியவரை மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ காண்பது அரிது. இக்கூற்றில் உண்மை எத்துணை, ஏக்கம் எத்துணை என்று பிரித்துக் காட்டுவது வரலாற்றின் கடன்.

1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில சிவில் சேவை உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். குடிகள் அருகி, காடு பெருகி, காய்ச்சல் மலிந்த நாடாகவே அன்றைய வன்னி இருந்தது. யாழ்ப்பாணத்தார் கொழும்பு செல்ல வேண்டுமாயின் கடல் வழியை நம்பினர். அன்றேல் காட்டு வழியே மாட்டு வண்டியை நம்பினர். இந்நிலையை மாற்றியது வட பகுதிப் புகையிரதப் பாதை. 1902 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதற்பகுதி திறக்கப்பட்டது. 1905 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை வண்டி ஓடியது. அன்றைய பயணத்திற்குப் பதின்மூன்று மணித்தியாலத்திற்கு மேல் சென்றது.

இப்பாதை வன்னி மக்களை எண்ணிப் போடப்பட்டதன்று. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைப்பதே அதன் நோக்கம். வன்னி இடைவழியில் கிடந்த காடு மாத்திரமே. முல்லைத்தீவுக்கு அன்றும் புகையிரதம் இல்லை, பின்னரும் வரவில்லை. வண்டி ஏற விரும்பிய முல்லைத்தீவு வாசி ஒட்டுசுட்டான் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கடந்து மாங்குளத்தை அடைய வேண்டும். ஆகவே, "அந்தக் காலத்திலே வண்டி இருந்தது" என்னும் கூற்று வன்னி முழுவதற்கும் ஒரே அளவிற் பொருந்துவதன்று. பலருக்கு வண்டி என்பது தூரத்தே கேட்ட ஊதல்தான்.

ஆயினும் தண்டவாளத்தின் இரு மருங்கிலும் வாழ்க்கை தழைத்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902 இல் தொடங்கி 1921 இல் நிறைவுற்றது. 1930 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கமக்காரர் கிளிநொச்சியிற் குடியேற்றப்பட்டனர். 1940 களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின்னர் மலேரியாவின் கொடுமை வெகுவாகத் தணிந்தது. 1956 ஆம் ஆண்டு ஏப்பிரல் 23 ஆம் நாள் யாழ்தேவி என்னும் கடுகதி வண்டி தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. 1958 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தமையால், கச்சேரி அலுவல் யாவற்றுக்கும் யாழ்ப்பாணமே செல்ல வேண்டியிருந்தது. வண்டியும் பஸ்ஸும் அம்மக்களுக்கு உல்லாசப் பொருள்களல்ல. காணி உறுதியும் வைத்தியமும் பள்ளிப் படிப்பும் அவற்றைச் சார்ந்தே நின்றன.

இன்று எழுபதைக் கடந்து நிற்போரின் இளமை இக்காலத்தைச் சேர்ந்தது. முறிகண்டிப் பிள்ளையார் முன்னே வாகனத்தை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பயணம் தொடர்ந்த நாள்களை அவர்கள் மறந்திலர். அந்நாள்களிலும் வண்டி தாமதித்ததுண்டு. பஸ் பழுதடைந்து காட்டு நடுவே நின்றதுண்டு. மாரி வெள்ளம் வீதியை மூடியதுண்டு. நினைவு நேர்மையான கணக்கப்பிள்ளை அன்று; வரவை எழுதிவிட்டுச் செலவை மறந்துவிடும். ஆயினும் ஒன்றை மறுத்தல் இயலாது. இன்று தவறிய வண்டி நாளை வரும் என்று அன்று ஒருவர் நம்பலாம். அந்நம்பிக்கைதான் பின்னாளிற் பறிபோனது.

1985 ஆம் ஆண்டு சனவரி 19 ஆம் நாள் யாழ்தேவி வன்னிப் பகுதியிலே குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பலர் மாண்டனர். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றது. அதன்பின் தெற்கிலிருந்து வரும் வண்டிக்கு வவுனியாவே எல்லையாயிற்று. அதற்கு வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு, பதுங்குகுழிகளுக்கு வளையும் கூரையும் ஆயின. நேரந்தவறாமைக்கு எந்தப் பொருள் சான்றாக இருந்ததோ, அந்தப் பொருளே உயிர் காக்கும் கவசமாக மண்ணுக்குட் சென்றது.

புகையிரதம் மாத்திரமா நின்றது? தேசிய மின்வலையிலிருந்து வன்னியின் பெரும்பகுதி துண்டிக்கப்பட்டது. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் பசளைக்கும் தடை விதிக்கப்பட்டது. போத்தல் விளக்கு மீண்டும் வீட்டுக்கு ஒளியாயிற்று. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலே பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். மோட்டார்ச் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். வவுனியா செல்லப் 'பாஸ்' வேண்டும். பாஸ் கிடைக்கும் நாளே பயண நாள். இவற்றை மக்களின் சாமர்த்தியம் எனப் புகழ்தல் எளிது. ஆனால் அச்சாமர்த்தியத்தின் விலையைக் கொடுத்தோர் அவர்களே. மருந்துக்கும் வைத்தியருக்கும் காத்திருந்து காத்திருந்து முதுமையை எட்டாமலே சென்றவர் பலர்.

இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1990 இன் பின் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பிறந்த பிள்ளைகள், புகையிரதத்தைக் காணாமலே வாலிபராயினர். அவர்களுக்குப் புகையிரதப் பாதை என்பது புல் முளைத்த மண்மேடு. எந்த மேட்டின் மீது எந்த வண்டி எத்தனை மணிக்குச் சென்றது என்பதை அறிந்தோர் பாட்டன்மாரும் பாட்டிமாருமே. கால அட்டவணை ஒட்டப்பட்டிருந்த சுவர்கள் இடிந்தபின், முதியோரின் நெஞ்சமே அதனைக் காத்து வைத்தது. ஆகவே அவர்களின் ஏக்கத்தை வெறும் கனவென்று தள்ளிவிடல் ஆகாது. இங்கே ஒரு பொதுச்சேவை இருந்தது, அது இருத்தல் இயலும் என்பதற்கு அவ்வேக்கமே எஞ்சி நின்ற ஆவணம்.

2002 ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடியது. 2009 மே மாதத்திலே போர் முடிந்தபோது வன்னி மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலே அடைபட்டிருந்தனர். கடைசி முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இந்தியக் கடனுதவியோடு பாதை மீள அமைக்கப்பட்டு, 2011 இல் ஓமந்தைக்கும், 2013 செப்டெம்பர் 14 ஆம் நாள் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. கிளிநொச்சியைப் பொறுத்தவரை இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் வந்த வண்டி அது.

திரும்பி வந்தது பழைய காலமன்று. பொருளாதாரம் நிலைகுலைந்த 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. 2023 இன் முற்பாதியிலும், 2024 தொடக்கத்திலிருந்து அவ்வாண்டு ஒக்டோபர் வரையும், அநுராதபுரத்தை ஒட்டிய பாதைப் பகுதிகள் திருத்த வேலைக்காக மூடப்பட்டு, வடக்குச் சேவை தடைப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. பாணந்துறை உபமின் நிலையத்திலே குரங்கொன்று பட்டமையே காரணம் எனப்பட்டது. இவற்றுட் பல நியாயமான காரணம் உடையன. திருத்தாத பாதை ஆபத்தான பாதை என்பதை எவரும் மறார்.

அப்படியாயின் முதியோர் மாத்திரம் ஏன் இவ்வளவு சினக்கின்றனர்? காரணம் இரண்டு. முதலாவது உடல் சார்ந்தது. இருபது வயதினர் ஒரு மணித்தியாலம் காத்து நிற்பது அரட்டைக்கு வாய்ப்பு; எழுபது வயதினருக்கோ அது முழங்காலின் வேதனை. வைத்தியசாலைக் கிளினிக் நாளன்று பஸ் தவறினால் இளையவருக்கு ஒரு நாள் போகும்; முதியவருக்கு ஒரு மாத மருந்து போகும். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் அறுபது வயதை அடைந்தோர் நூற்றுக்கு 12.4 பேர். 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே முதியோரின் பங்கு மேலும் உயர்ந்தது. வன்னியிலோ பிள்ளைகளைப் போரிலே பறிகொடுத்தவரும், கடல் கடந்து அனுப்பியவரும் பலர். கூட்டிச் செல்லக் கை இல்லாதவருக்குப் பொதுச்சேவையே பிள்ளை.

இரண்டாவது உள்ளம் சார்ந்தது. கடந்ததை எண்ணி ஏங்கும் நிலைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'நொஸ்ரால்ஜியா' என்னும் சொல்லை 1688 இல் ஆக்கியவர் யொகான்னஸ் ஹோபர் என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவர். ஊர் பிரிந்தவரைப் பற்றும் நோய்க்கே அவர் அப்பெயரை இட்டார். காலத்தை எண்ணி ஏங்குவது பின்னர் வந்த பொருள். வன்னி முதியவரிடம் இவ்விரு பொருளும் ஒன்றாயின. அவர் பலமுறை ஊர் பெயர்ந்தார். திரும்பி வந்தபோது ஊர் இருந்தது, காலம் இல்லை. ஒருமுறை விளக்கு அணைந்து பன்னிரண்டு ஆண்டு, இருபது ஆண்டு என இருள் நீண்டதைக் கண்டவர், இன்று ஒரு மணித்தியால மின்வெட்டு நேர்ந்தாலும் அது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கிறார். அக்கேள்வியை முணுமுணுப்பு என்று கருதுவோர் அதன் வரலாற்றை அறியாதோர்.

நேர அட்டவணை என்பது அரசு குடிமகனுக்குக் கொடுக்கும் வாக்கு. வண்டியின் வேகத்தையோ இருக்கையின் மென்மையையோ முதியோர் அவ்வளவாகக் கேட்பதில்லை. 1905 ஆம் ஆண்டு வண்டி இன்றைய வண்டியிலும் மெதுவானதே. அவர்கள் கேட்பது வாக்கின் உறுதியை. அதனைக் காப்பதற்குப் பெரும் பொருட்செலவு எப்பொழுதும் வேண்டியதில்லை. வண்டி பிந்துமாயின் எத்துணை நேரம் பிந்தும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுதல், பஸ் வராத நாளை முதல் நாளே கிராமத்துக்குத் தெரிவித்தல், காத்திருப்போருக்கு நிழலும் ஒரு வாங்கும் அமைத்தல் ஆகியன எந்தக் கந்தோரும் நாளையே தொடங்கக்கூடிய பணிகள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரை வந்து நிற்கும் முதியவருக்கு, வண்டி வராது என்னும் செய்திகூட நேரத்தோடு கிடைத்தால் அதுவும் ஒரு சேவையே.