சங்கிலியும் செங்குத்தும்: தாமிரபரணிப் பாசன நிலத்தில் செங்கோண முக்கோணத்தின் பரப்பு

செங்கோண முக்கோணத்தின் பரப்பைக் காணத் திரிகோணமிதி வேண்டியதில்லை. செங்கோணத்தை அடைக்கும் இரு பக்கங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் முடிந்தது. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இச்செய்தி, தாளை விட்டு வயலுக்குள் இறங்கியதும் வேறு கேள்வியாகிவிடுகிறது. வயலில் செங்கோண முக்கோணம் தயாராகக் கிடப்பதில்லை. அளப்பவர்தான் அதைத் தரையில் உண்டாக்குகிறார். எனவே அம்முக்கோணத்தை அளக்கப்படும் உருவமாகக் கொள்வதைவிட, எந்த உருவத்தையும் அளக்க உதவும் கருவியாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். திருநெல்வேலிச் சீமை இதற்கு நல்ல சான்று.

காரணம் கால்வாய்கள். அரியநாயகிபுரம் அணையில் பிரியும் கோடகன் கால், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால், பழவூர் அணையின் பாளையங்கால் எல்லாமே நிலத்தின் வாட்டத்தை ஒட்டி வளைந்து போகின்றன. நேர்கோட்டு வரப்பும் வளைந்த கால்கரையும் சந்திக்கும் இடமெல்லாம் மூலைத் துண்டுகள். குளத்துக்கரையடியிலும் அப்படித்தான். இத்துண்டுகளின் பரப்பைச் சொல்ல ஊரார் வைத்திருந்த பழைய வழியில் வடிவியலே இல்லை: 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை; எத்தனை கோட்டை, எத்தனை மரக்கால் விதைப்பாடு என்றால் நன்செயின் அளவு தெரிந்துவிடும். முக்கோண வயலானாலும் சதுர வயலானாலும் விதை விதைதான். நெல்லைப் பகுதியின் இந்த வழக்கை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சாகுபடி செய்பவருக்கு வேண்டிய எண்ணை அது நேராகவே தந்தது.

வரி வாங்குபவருக்கும் நிலம் வாங்குபவருக்கும் அது போதவில்லை. காரிநாயனாரின் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி, கால், கல் என்று கணக்கை வகுக்கையில் நிலத்தை முதலில் வைப்பது தற்செயலாக இருக்க முடியாது. வரப்பைச் சுற்றி அளந்து பரப்பு காணும் வழிகளில் மிகப் பரவலானது, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்குவது. மனைத் தரகர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். இது பருமட்டான பரப்பு என்று கணிதர் பிரம்மகுப்தர் கி.பி. 628லேயே பிரித்துச் சொல்லிவிட்டார். செவ்வகத்தைத் தவிர மற்ற எல்லா நாற்கரங்களிலும் இம்முறை மிகையாகவே காட்டும்; குறைவாக ஒருபோதும் காட்டாது. முக்கோணத்தை ஒரு பக்கம் பூச்சியமான நாற்கரமாகக் கொண்டால் கேடு இன்னும் தெளிவாகத் தெரியும். 3, 4, 5 பக்கங்கள் கொண்ட துண்டின் மெய்ப்பரப்பு 6. இம்முறைப்படி, பூச்சியத்துக்கு எதிராக எந்தப் பக்கத்தை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து 6.75 வரும், 8 வரும், 8.75கூட வரும். ஒரே வயல், மூன்று பரப்பு. அந்த எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருந்ததோ, ஆதாயமும் அவரிடமே போயிருக்கும்.

சென்னை மாகாண நில அளவை இந்த ஓட்டையை அடைத்த விதம் கவனிக்கத்தக்கது. வயலின் இரு மூலைக் கற்களை இணைத்துக் குறுக்கே ஒரு கோடு. சர்வேயர்களின் பேச்சில் அது ஜி லைன். அதன்மேல் சங்கிலியை இழுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு வளைவுக்கும் நேரெதிரே நின்று, செங்கோணம் பிடிக்கும் கருவியான கிராஸ் ஸ்டாஃப் வழியாகப் பார்த்துச் செங்குத்துத் தூரத்தை எடுப்பார்கள். சங்கிலி 66 அடி, 100 லிங்க். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். ஒரு மூலைத் துண்டில் ஜி லைன் 500 லிங்க் என்றும், 180ஆவது லிங்கில் நின்று எதிர்மூலைக்கு எடுத்த செங்குத்து 240 என்றும் கொள்வோம். இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கின்றன: 180ஐ 240ஆல் பெருக்கிப் பாதி 21,600; 320ஐ 240ஆல் பெருக்கிப் பாதி 38,400. கூடுதல் 60,000, அதாவது 60 சென்ட். இத்துண்டு 300, 400, 500 பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணமேதான். ஆனால் அளந்தவருக்கு அது தெரியவேண்டிய தேவை எழவே இல்லை. எதிர்மூலை செங்கோணமாக இல்லாதிருந்தாலும் இதே வழி, இதே கணக்கு. கால்கரை வளைந்திருந்தால் இரண்டு செங்குத்துகளுக்கு நடுவே ஒரு சரிவகம் வரும். அதுவும் ஒரு செவ்வகமும் ஒரு செங்கோண முக்கோணமும் சேர்ந்ததுதான். சாய்ந்த பக்கமும் அளக்கப்படும், சரிபார்க்க மட்டும்.

கண்ணால் பார்த்துப் போட்ட செங்குத்து எவ்வளவு நம்பத்தக்கது என்று கேட்கலாம். விடை வியப்பானது. செங்குத்து 5 பாகை சாய்ந்துவிட்டால் பரப்பு 0.4 விழுக்காடுதான் கூடும். மேற்சொன்ன 60 சென்டில் அது ஏறக்குறைய 100 சதுர அடி. (இந்தப் பிழையைக் கணக்கிட எனக்குத் திரிகோணமிதி வேண்டியிருந்தது; வயலில் நின்றவருக்கு வேண்டியிருக்கவில்லை.) மாறாக, இழுபட்டு இழுபட்டுச் சங்கிலி நூற்றுக்கு ஒரு லிங்க் நீண்டுபோயிருந்தால் பரப்பு 2 விழுக்காடு குறைந்து காட்டும், 60 சென்டில் ஒரு சென்டுக்கு மேல் காணாமல் போகும். கோணப்பிழை மெல்ல வளர்வது, நீளப்பிழை உடனே இரட்டிப்பது. சங்கிலியை அடிக்கடி ஒத்துப்பார்க்கும் கட்டுப்பாடு இந்த முறைக்கு உயிர்நாடி என்பது இதனால் விளங்கும்.

போதாயனார் பெயரில் இன்று பெருமையோடு பகிரப்படும் கர்ணச் சூத்திரத்தையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்து, குறுகிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்பது அது. 3, 4க்கும் 5, 12க்கும் கச்சிதமாகப் பொருந்தும். இரு பக்கமும் 1 என்று சமமானால் 1.414க்குப் பதில் 1.375 தரும். வேலி போடுபவருக்கு ஓரளவு உதவலாம். பரப்புக்கு அதனால் பயன் எதுவும் இல்லை, ஏனென்றால் பரப்புக்குக் கர்ணமே தேவையில்லை.

திரிகோணமிதி இந்நாட்டில் பெரிய அளவில் வேலை செய்த இடம் வேறு. நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, நடந்து அளக்க முடியாத தொலைவுகளைக் கோணங்களால் பிடித்தது. கோணமளக்கும் கருவியான தியோடலைட்டை ஏற்ற 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரம் தேவைப்பட்டது. கிராம அளவையிலும் தியோடலைட் ஊரெல்லையையும், ஊருக்குள் பிரித்த கண்டங்கள் என்னும் பகுதிகளின் எல்லையையும் சுற்றி வந்தது. வரப்புக்குள் இறங்கியது பெரும்பாலும் சங்கிலிதான். செங்குத்தைப் போட நடந்துபோக முடிகிற இடத்தில் கோணத்துக்கு வேலை இல்லை.

செயற்கைக்கோள் கருவிகள் வந்தபின் இது பழங்கதை ஆகிவிட்டதென்று எண்ணுவது சரியாகாது. மூலைகளின் ஆயத்தொலைகளைக் கொண்டு கணினி பரப்புக் காணும் வாய்பாட்டிலும் சைன், கொசைன் கிடையாது. ஒவ்வொரு மூலையிலிருந்தும் அச்சுக்கு ஒரு செங்குத்து இறங்குகிறது, அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒரு சரிவகம் நிற்கிறது, அவை கூட்டிக் கழிக்கப்படுகின்றன. கற்களை இணைத்த ஜி லைனின் இடத்தில் இப்போது கிழமேற்குக் கோடு இருக்கிறது. ஆகவே மறு அளவையில் பழைய புல வரைபடத்துக்கும் புதியதற்கும் பரப்பு ஒத்துவராதபோது கணக்கு முறையைக் குற்றம் சொல்ல இடமில்லை. தேட வேண்டியது நீளத்தையும், நட்ட இடத்தைவிட்டு நகர்ந்திருக்கக்கூடிய எல்லைக்கல்லையும்.