நிலவில் நாம் விட்டுவந்தவை

ஷஅபான் பிறை 29 மாலை. மஃக்ரிப் தொழுதுவிட்டு, சென்னீர்குப்பத்தில் ஒரு மொட்டை மாடியில் பிறை தேடிக்கொண்டிருந்தோம். மதரஸா மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், நம்ம விக்ரம் இன்னும் அங்கேதான் இருக்கா? டெலஸ்கோப்புல தெரியுமா?"

முதல் கேள்விக்குப் பதில் ஆம்; இரண்டாவதற்கு இல்லை. நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. விக்ரமின் அகலமோ 2 மீட்டர் அளவுதான். ஹப்பிள் தொலைநோக்கிக்கே அங்குள்ள இவ்வளவு சிறிய பொருள் தெரியாது. 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் போல அருகிலிருந்து படமெடுத்தால்தான் உண்டு.

இந்தியப் பொருள் முதன்முதலில் நிலவைத் தொட்டது 2008 நவம்பர் 14 இரவு 8.31 மணிக்கு. சந்திரயான்-1 கலத்திலிருந்து பிரிந்து, 25 நிமிடம் கீழிறங்கி, தென்துருவத்தின் ஷேக்கிள்டன் பள்ளம் அருகே அந்தக் கருவி மோதியது. அதன் பக்கங்களில் மூவர்ணக் கொடி வரையப்பட்டிருந்தது. சுற்றிவந்தால் மட்டும் போதாது, தரையையும் தொட வேண்டும் என்று யோசனை சொன்னவர் ராமேஸ்வரத்து டாக்டர் அப்துல் கலாம். மோதுவதற்காகவே அனுப்பப்பட்ட கருவி அது, விபத்தல்ல.

விபத்து நடந்தது 2019 செப்டம்பர் 7 அதிகாலை. சந்திரயான்-2இன் விக்ரம், இறங்கும் கடைசிக் கட்டத்தில் தொடர்பு அறுந்து விழுந்தது. எல்.ஆர்.ஓ. எடுத்த படங்களை நாசா பொதுவில் வெளியிட்டபோது, சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் வீட்டிலிருந்தே புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு ஒரு சிதறலைக் கண்டுபிடித்தார். மோதிய இடத்திலிருந்து சுமார் 750 மீட்டர் வடமேற்கில் கிடந்தது அது. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே உறுதிப்படுத்தியது. தன் சுற்றுக்கலம் முன்பே இடத்தைக் கண்டுவிட்டதாக இஸ்ரோ சொன்னது. அதனால் இவருடைய உழைப்பு சிறிதாகிவிடாது.

கண்டெடுத்த பொருளை மறைக்காமல் அறிவிக்க வேண்டும் என்பது ஃபிக்ஹில் லுகதா பாடம். நிலவில் கிடப்பது யாருக்குச் சொந்தம்? 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி நிலவின் நிலத்தை எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அங்கே போன கலம், போன நாட்டுக்கே சொந்தம். நொறுங்கிய விக்ரமும் இந்தியாவின் சொத்துதான்.

மற்றவர்கள் விட்டுவந்தது இன்னும் அதிகம். 1959இல் மோதிய சோவியத் லூனா-2தான் முதல் பொருள். 1969 முதல் 1972 வரை ஆறு முறை இறங்கிய அப்பல்லோ வீரர்கள் கலங்களின் அடிப்பகுதி, மூன்று வண்டிகள், கேமராக்கள், இரண்டு கோல்ஃப் பந்துகள், கழிவுப் பைகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தார்கள். கல்லும் மண்ணும் ஏற்றிவர எடை குறைய வேண்டியிருந்தது. அப்பல்லோ 11இன் கொடி, கலம் கிளம்பிய வேகத்தில் சாய்ந்துவிட்டதாக ஆல்ட்ரின் சொல்லியிருக்கிறார். 12, 16, 17 கொடிகளின் நிழல் எல்.ஆர்.ஓ. படங்களில் இன்றும் விழுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது நம் பயான்களில் இன்னும் உலவுகிறது. அது பொய். அவரே மறுத்தார், 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறையும் அவர் சார்பில் மறுப்பு அனுப்பியது. சத்திய மார்க்கத்துக்கு இட்டுக்கட்டிய சாட்சி எதற்கு?

மாணவன் கேட்ட விக்ரம், 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம். அதன் பிரக்யான் வண்டி சுமார் 100 மீட்டர் ஓடியது. செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டையும் உறங்கவைத்தார்கள். நிலவின் நீண்ட இரவுக் குளிருக்குப் பின் அவை எழவில்லை.

ஆனாலும் விக்ரமின் மேல் நாசா கொடுத்த 5 செ.மீ. அகலமுள்ள ஒரு பிரதிபலிப்பான் இருக்கிறது. குமிழ் போன்ற அலுமினியச் சட்டத்தில் எட்டுப் பட்டகங்கள்; மின்சாரமே தேவையில்லை. 2023 டிசம்பர் 12 அன்று 100 கி.மீ. தொலைவிலிருந்து எல்.ஆர்.ஓ. அனுப்பிய லேசர் ஒளியை அது திருப்பி அனுப்பியது. இதே வகையில் அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த பெரிய பிரதிபலிப்பான்கள் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வேலை செய்கின்றன. நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகிப் போகிறது என்பதை அவற்றை வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள்.