ஈயச் சில்லு

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கடல் அடங்கினால், தரங்கம்பாடிப் பிள்ளைகள் நாங்கள் குனிந்த தலை நிமிராமல் கரையில் நடப்போம். பக்தியால் அல்ல. அலை மணலை அரித்துப் போன இடத்தில் காசு கிடைக்கும். சட்டைப் பொத்தான் அளவு, சாம்பல் நிற ஈயம், ஓரம் பிய்ந்தது. கோட்டைக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் நடுவேதான் நிறைய. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதற்கு முன்னால் வீதியே இருந்தது என்பார் தாத்தா. வீதி போனால் வீதியில் சிந்திய சில்லறை எங்கே போகும்? அலை கொண்டுவந்து எங்களிடம் போட்டது.

கடைக்காரர் அதற்கு ஒரு தேன்மிட்டாய்கூடத் தரமாட்டார். ஆனால் பெரியக்கா வேறு பயன் கண்டுபிடித்தாள். பாண்டி ஆடும்போது ஓட்டுச்சில்லு வழுக்கிக்கொண்டு கோட்டில் போய் நிற்கும். ஈயம் விழுந்த இடத்திலேயே உட்காரும்.

1974. எனக்குப் பத்து வயது. அம்மாவின் தாளிப்புக் கரண்டியில் இருபது காசைப் போட்டு விறகடுப்பில் பிடித்தோம். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, குழைந்து, சட்டென்று பளபளத்தது. காய்ந்த சாம்பலில் குழி பறித்து ஊற்றினோம். "கரண்டி ஏண்டி இப்படி மின்னுது?" என்றாள் அம்மா, மறுநாள் அதிலேயே கடுகு தாளித்துக்கொண்டு.

காசில் கிரீடத்துக்குக் கீழே கொக்கி போலப் பின்னியிருந்தது டென்மார்க் அரசர் ஐந்தாம் கிறிஸ்தியானின் முத்திரை என்று கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. அவர் ஆண்டது 1670 முதல் 1699 வரை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டியவர்கள், கடைத்தெருச் சில்லறைக்கு ஈயத்தில் காசடித்தார்கள். பிற்காலத் தரங்கம்பாடிக் கணக்கில் 80 காசு ஒரு பணம். அப்படியானால் எங்கள் சில்லு கால் பணம். 1845இல் இந்த ஊரையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சிந்திய காசை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது: இருபது அரச முத்திரை, ஒரு பாண்டி ஆட்டத்துக்கு! ஆனால் அந்தச் சில்லால் அக்கா ஒரு கோடைவிடுமுறை முழுக்கத் தோற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு அடுத்த தெரு மீன்காரத் தாத்தா வலைக்கு ஈயம் போதவில்லை என்று கேட்டார். சில்லை உளியால் வெட்டித் தட்டி, வலையின் அடிக்கயிற்றில் கோத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு கூறு நெத்திலி. அம்மா குழம்பு வைத்தாள்.