பெயர் அறியாக் கல்லறையில் ஒரு குருவானவர்



ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, நம்மவர் கல்லறைகளுக்கு மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றி வருகிறோம். இன்னார் இங்கே துயில்கிறார் என்று காட்ட ஓரிடம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, அது இல்லாதவர்களுக்கே தெரியும். 1950-ஆம் ஆண்டில் அதே கல்லறைத் திருநாளன்று வட கொரியாவின் உன்சானில் போர்க்கைதியான ஒரு குருவானவரின் வரலாற்றை நாம் எழுத முற்பட்டது இதனாலேயே.

அருள்தந்தை எமில் கப்பவுன் 1916-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பில்சன் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். 1940-இல் குருப்பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் இந்திய-பர்மா போர்முனையில் படைக்குருவாகப் பணிபுரிந்தவர் என்பதும் நாம் அறியத்தக்கது. பின்னர் கொரியப் போருக்குச் சென்றார். உன்சானில் தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும், காயமுற்ற வீரர்களை விட்டுப் போக மறுத்துச் சிறைப்பட்டார்.

யாலு ஆற்றங்கரையிலுள்ள ப்யோக்டோங் முகாமில் அக்குளிர்காலம் கைதிகளைக் கூட்டம் கூட்டமாக விழுங்கியது. தந்தையவர்கள் கூரைத் தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி, நீர் காய்ச்சிக் கொடுத்தார். சீதபேதி கண்டவர்களின் துணிகளைத் துவைத்தார். நல்ல கள்ளனான புனித திஸ்மாசை வேண்டிக்கொண்டு, இரவில் தானியம் திருடி வந்து பகிர்ந்தளித்தார். குருவானவர் திருடலாமா என்று நாம் கேட்கலாம். அங்கே பசித்திருந்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். 1951 மார்ச் 25, உயிர்ப்புப் பெருவிழாவன்று கைதிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். பின்பு கால் இரத்தக்கட்டும் நிமோனியாவும் அவரை வீழ்த்தின. மருத்துவமனை என்று பெயர் மட்டும் கொண்ட ஒரு வீட்டுக்குக் காவலர்கள் அவரைக் கொண்டுபோயினர். மே 23-ஆம் நாள் அங்கே உயிர் துறந்தார். வயது 35.

1953-இல் விடுதலையான கைதிகள், முகாமில் யூத வீரர் ஒருவர் மரத்தில் செதுக்கிய பெரிய பாடுபட்ட சுரூபத்தைத் தோளில் சுமந்து வந்தனர். தந்தையவர்களைப் பற்றி உலகம் அறிந்தது அவர்கள் வாய்மொழியால்தான். அவர் உடல் ஆற்றங்கரையருகே பொதுக் குழியில் கிடக்கிறது என்றும் நம்பினர். அந்நம்பிக்கையே நெடுங்காலம் நிலைத்தது.

உண்மை வேறாயிருந்தது. 1954-இல் இரு தரப்பும் இறந்தோரின் எச்சங்களைப் பரிமாறிக்கொண்டபோதே அவருடைய எலும்புகளும் வந்துவிட்டன! ஆனால் யாருடையவை என்று கண்டறிய இயலவில்லை. ஆகவே, 1956-இல் ஹவாயின் ஹொனலுலு படைவீரர் கல்லறையில், அடையாளம் தெரியாத எண்ணூறுக்கும் மேற்பட்டோருடன் புதைக்கப்பட்டார். கல்லில் பெயர் இல்லை.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்க அரசு அக்கல்லறைகளைப் படிப்படியாகத் திறந்தது. பற்களையும் எலும்புகளையும் ஆராய்ந்தனர். தாய்வழி மரபணுவைக் குடும்பத்தாருடையதோடு ஒப்பிட்டனர். 2021 மார்ச்சில் விடை கிடைத்தது. உடன் கைதிகள் அவர் வாழ்ந்த விதத்தைச் சரியாகச் சொன்னார்கள். கிடந்த இடத்தை மட்டுமே தவறாக நினைத்திருந்தார்கள்.

பெற்றோரும் ஒரே தம்பியும் அதற்குள் காலமாகியிருந்தனர். 2021 செப்டம்பரில் அவரது உடல் முதலில் சொந்தப் பங்கான பில்சனுக்கும், பின்பு விச்சிட்டா பேராலயத்துக்கும் கொண்டு செல்லப்பட்டது. 29-ஆம் நாள் அடக்கத் திருப்பலி நிறைவேறி, பெயர் பொறித்த கல்லறையில் வைக்கப்பட்டார்.