எலி செத்தால் வீட்டை விடு!

கோவையில் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோவில்கள் உண்டு. ஊருக்குள் தினம் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும்?

1876-78ல் தாது வருடப் பஞ்சம் கொங்கு நாட்டை உலுக்கியது. பஞ்சத்தைக் கண்ட குடும்பங்களுக்குக் குதிர் நிறைய சோளமும் கம்பும்தான் பாதுகாப்பு. வீட்டில் தானியம் இருந்தால் உயிர் தப்பலாம்.

1896ல் பம்பாயில் பரவிய பிளேக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையையும் தாக்கியது. இந்த நோயைச் சுமந்து வந்தது எலி. எலி தேடி வருவதோ தானியம்! பஞ்சத்துக்குப் பயந்து சேர்த்த குதிரே இப்போது ஆபத்தானது.

எலியின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று 1898ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்தார். எலி செத்ததும் தெள்ளு அடுத்த உடலைத் தேடும். அது பெரும்பாலும் அந்த வீட்டு மனிதர்தான். அதனால் கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் அதுவே அபாய மணி. ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே சாளை போட்டுத் தங்கினார்கள்.

1901ல் 53,080 ஆக இருந்த கோவை நகர மக்கள்தொகை, 1911ல் 47,007 ஆகக் குறைந்தது. வளர வேண்டிய நகரம் சுருங்கியது!

பஞ்சம் வந்தால் வீட்டை நிரப்ப வேண்டும். பிளேக் வந்தால் வீட்டை விட்டுப் போக வேண்டும். எல்லா ஆபத்துக்கும் ஒரே ஏற்பாடு போதாது. எது வந்தால் உள்ளே இருப்பது, எது வந்தால் வெளியேறுவது, எங்கே போவது... இதைக் குடும்பத்தில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைப்பதுதான் உண்மையான தயார்நிலை.