கதிர்காமத்துப் பெண்கள் இருவர்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் கொலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் நம் பிள்ளைகள் பலர் அதை வாசித்திருப்பர். வாசிக்காதவர் திரைப்படமாகவேனும் பார்த்திருப்பர். அதன் நாயகி கட்னிஸ், வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்து, வில்லால் வேட்டையாடித் தாயையும் தங்கையையும் காப்பாற்றுபவள். அவளுக்கு இடப்பட்டிருப்பது நீர்நிலையில் வளரும் ஒரு கிழங்குச் செடியின் பெயர்.

இச்செய்தியை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிழங்கின் பெயரைத் தாங்கிய காட்டுப் பெண் நமக்கு என்ன புதியவளா? வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் எடுத்து வளர்த்தான். குழியில் கிடைத்ததனால் வள்ளி என்று பெயரிட்டான். பன்னிரண்டு வயதில் தினைப்புனத்துக்குக் காவல் வைத்தான். பரண்மீது நின்று, கவணில் கல்லேற்றிக் கிளியையும் குருவியையும் ஓட்டுவது அவள் வேலை. தனியாகக் காட்டில் நிற்கும் அந்தச் சிறுமியிடம் ஒருவன் வேடனாக வருகிறான். வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். யானை வருகிறது. இரவில் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள். துரத்தி வந்த தந்தையும் சுற்றத்தாரும் மாண்டு விழுகிறார்கள். வள்ளியின் சொல்லால் அவர்கள் மீண்டும் உயிர்பெற்று எழுகிறார்கள். மாயமும் சாகசமும் நிறைந்த இளைஞர் கதைக்கு வேண்டியவை எல்லாம் இதில் இருக்கின்றன.

கச்சியப்ப சிவாசாரியார் இக்கதையைக் கந்தபுராணத்தின் கடைசிப் படலமாக வைத்தார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வள்ளியம்மை திருமணப் படலம் வாசிக்கப்படும் நாள் ஒரு கல்யாண நாள் போலவே இருக்கும். ஆனால் வள்ளி கச்சியப்பருக்கும் மிக மூத்தவள். நற்றிணையின் 82ஆம் பாடலில், தலைவன் தன் காதலியை முருகனோடு சென்ற வள்ளிக்கு ஒப்பிடுகிறான். பரிபாடலின் 9ஆம் பாடல் இன்னும் துணிவானது. தேவர் வேந்தனின் மகளுக்கும் குறவர் மகளுக்கும் மூளும் பிணக்கைக் காட்டி, ஊரறிய நடக்கும் மணத்தைவிட களவு மணமே சிறந்தது என்று வாதாடுகிறது. திருப்பரங்குன்றத்தில் நின்றுகொண்டு, முறைப்படி மணந்தவளை விட்டு, ஓடிவந்தவளின் பக்கம் பேசியிருக்கிறார் ஒரு புலவர்!

பிற்காலத்தவர் அவளை என்ன செய்தார்கள்? இச்சாசக்தி என்றார்கள். பக்குவப்பட்ட ஆன்மா என்றார்கள். சைவசித்தாந்த விளக்கத்தில் அதற்குரிய இடம் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆயினும் தத்துவமாக்கியதில் கவண் வீசிய கை காணாமற் போயிற்று. முருகனின் ஒரு புறம் தாமரையோ குவளையோ ஏந்தி அடக்கமாக நிற்கும் உருவமே நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வள்ளி. அந்தக் கையை மேடையில் மீட்டுக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் நாரதரோடு விடிய விடியத் தர்க்கம் பண்ணும் வள்ளியைப் பார்த்தவர்கள், அவள் எளிதில் வாய் மூடுபவள் அல்லள் என்று அறிவார்கள்.

தமிழகத்தார் இக்கதையை வேலூருக்கு அண்மையிலுள்ள வள்ளிமலையில் நடந்ததாகக் கொள்வர். இலங்கையில் அதன் களம் கதிர்காமம். இன்றைய நிர்வாகப் பிரிவின்படி கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில், மாணிக்க கங்கையின் கரையில் இருக்கிறது. மொனராகலையின் பழைய பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் என்பது பொருள். வயலுக்கு அப்பால் காடு. காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சோளமும் விதைக்கும் சேனைப் பயிர்ச்செய்கை அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. விளையும் காலத்தில் பரண் கட்டி, யானைக்கும் பன்றிக்கும் கிளிக்கும் இரவு பகலாகக் காவல் இருப்பார்கள். ஆகவே அந்த மண்ணில் வள்ளியின் வேலை புராணச் செய்தி அன்று, அன்றாடச் செய்தி. வேடர் குலத்தார் அவளைத் தம் பெண் என்கின்றனர். சிங்களவர் வள்ளி அம்மா என்று அழைத்துத் தட்டு வைக்கின்றனர்.

ஆடித் திருவிழாவில் நடப்பதைக் கவனித்தால் அவளுக்கு அங்கே உள்ள இடம் விளங்கும். மூலக் கோயிலில் வழிபடும் விக்கிரகம் இல்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் யந்திரப் பேழையை யானைமீது ஏற்றி ஒவ்வோர் இரவும் ஊர்வலமாகக் கொண்டு செல்வர். ஊர்வலம் போய்ச் சேருவது வள்ளியம்மன் கோயிலுக்கு. தெய்வானையம்மன் கோயில் வழியிலேயே, மூலக் கோயிலுக்கு அருகிலேயே இருந்தும் பேழை அங்கே தங்குவதில்லை. முருகன் தானே இறங்கி வள்ளியின் வீடு தேடிப் போகிறான். பரிபாடற் புலவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தெய்வானை இதற்குச் சும்மா இருந்தாளா? அதற்கும் கதிர்காமத்தில் ஒரு கதை உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாடு பற்றி எழுதிய கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான அவர் 1924 ஜனவரியில் மதுரையில் காலமானார். கட்டுரை அந்த ஆண்டிலேயே றோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் வெளிவந்தது. கதை இதுதான். முருகனை மீண்டும் இந்தியாவுக்கு அழைத்துச் செல்லும் நோக்கத்தோடு கல்யாணகிரி என்ற வடநாட்டுத் துறவி கதிர்காமம் வருகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் தவம் செய்கிறார். ஒரு வேடச் சிறுவனும் சிறுமியும் அவருக்குப் பணிவிடை செய்கிறார்கள். ஒருநாள் களைத்து உறங்கியவரைச் சிறுவன் எழுப்பிவிட, கோபங்கொண்ட துறவி துரத்துகிறார். ஆற்றின் நடுத்திட்டில் சிறுவன் முருகனாகவும் சிறுமி வள்ளியாகவும் காட்சி தருகின்றனர். துறவி தாம் வந்த காரியத்தைச் சொல்கிறார். அப்போது வள்ளி, தன் கணவனைத் தன்னிடமிருந்து பிரித்துக்கொண்டு போகாதீர் என்று மாங்கல்யப் பிச்சை கேட்கிறாள். துறவியால் மறுக்க முடியவில்லை. முருகன் இலங்கையிலேயே தங்கிவிட்டான். அழைத்துப்போக வந்தவரும் தங்கிவிட்டார்.

கந்தபுராணத்தில் இல்லாத இந்தக் காட்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஊவாத் தோட்டங்களின் நினைவு வராமல் இருப்பதில்லை. பசறை, நமுனுகுல, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களின் சனங்கள் புத்தளை வழியாகவும் வெல்லவாய வழியாகவும் காடு கடந்து கதிர்காமத்துக்கு நடந்தார்கள். கொள்ளைநோயைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அனுமதிச் சீட்டு முறை வைத்து யாத்திரிகர் தொகையைக் கட்டுப்படுத்திய காலமும் இருந்தது. பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராகிய லெனார்ட் வுல்ஃப், அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது 1910இல் திருவிழாவை மேற்பார்வை செய்ய அங்கே அனுப்பப்பட்டவர்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று பிரித்தது. போவதா இருப்பதா என்று அந்த மக்களைக் கேட்டுச் செய்த கணக்கு அன்று அது. பதுளைப் பாதையில் ரயில் ஏறித் தலைமன்னார் சென்று கப்பலேறிய குடும்பங்களில் அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலும் ஆனவர்கள் உண்டு. ‘இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பாதே’ என்று மறித்து நின்ற ஒரு பெண்ணின் வேண்டுகோள் நிறைவேறிய தலம், அவர்கள் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

இனி இரண்டாமவள். இவள் தெய்வமல்லள்.

பெயர் பாலசுந்தரி. இவளைப் பற்றியும் அருணாசலமே எழுதியிருக்கிறார். வட இந்திய அரசன் ஒருவன் பிள்ளை வேண்டி, முதற் குழந்தையைக் கதிர்காமத்துக்கு ஒப்படைப்பதாக நேர்ந்துகொண்டானாம். பெண் பிறந்தது. நேர்த்தியை மறந்தான். துன்பம் வந்து நினைவூட்டியபின் மகளைப் பரிவாரத்தோடு அழைத்துவந்து கோயிலில் விட்டுச் சென்றான். எந்த அரசன், எந்த ஊர் என்பதெல்லாம் கதையின் மூட்டத்தில் இருக்கிறது. தன் விருப்பம் கேளாமல் விடப்பட்ட ஒரு சிறுமி என்ற அளவில் நாம் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பின் நடந்ததில் அவளுடைய விருப்பம் தெளிவாகத் தெரிகிறது.

அவள் துறவியாக வளர்ந்தாள். அழகும் புகழும் கண்டிக்கு எட்டின. அரியணையில் இருந்தவன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் குலத்தவன். மணம் பேசி ஆளனுப்பினான். பாலசுந்தரி மறுத்தாள். அவன் விடவில்லை, அரண்மனைக்குக் கொண்டுவரும்படி படையை அனுப்பினான். இது 1814ஆம் ஆண்டளவில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. எஹெலப்பொல அதிகாரத்தின் மனைவி மக்களை மன்னன் கொல்வித்ததும் அந்த ஆண்டில்தான். அவன் சொல்லுக்கு மறுப்புச் சொன்னால் என்ன நேரும் என்பதை நாடே அறிந்திருந்தது. தந்தையின் நாடு கடலுக்கு அப்பால். பக்கத்தில் அண்ணன் தம்பி எவரும் இல்லை. வில்லும் கவணும் கையில் இல்லை. ‘மாட்டேன்’ என்ற சொல் மட்டுமே இருந்தது.

1815 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்து மன்னனைச் சிறைப்பிடித்தது. மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கதிர்காமத்தார் இதைக் கந்தன் தன் அடியவளைக் காத்த செயல் என்பர். கண்டிப் பிரதானிகளின் மனக்கசப்பும் ஆளுநர் பிரவுன்ரிக்கின் திட்டமும் அதற்குப் போதிய காரணங்கள் என்று வரலாற்று மாணவன் சொல்வான். இரண்டையும் கேட்டுக்கொள்வோம். ஆனால் கந்தனோ பிரவுன்ரிக்கோ வருவான் என்று தெரியாமலேயே அவள் மறுத்தாள். என் மதிப்பெல்லாம் அதற்குத்தான்.

இடையில் ஒரு செய்தி. மன்னனை 1816இல் நாடு கடத்தினார்கள். அவனைக் கொண்டுபோய் வைத்த இடம் வேலூர்க் கோட்டை. அங்கிருந்து வள்ளிமலை ஒருநாள் நடைத் தூரம். 1832இல் அங்கேயே இறந்தான்.

பாலசுந்தரிக்கு அமைதி உடனே கிடைத்திருக்க முடியாது. 1817இல் துரைசாமி என்ற பெயரில் ஒருவன், கதிர்காமத் தெய்வமே தன்னை அரசனாக்கியதாகச் சொல்லிக்கொண்டு ஊவாக் காடுகளில் தோன்றினான். செப்டம்பரில் பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். மூண்ட கலகத்தை அடக்குவதற்காக 1818இல் வெல்லஸ்ஸவிலும் ஊவாவிலும் வீடுகளை எரித்து, வயல்களைப் பாழாக்கி, மாடுகளைக் கொன்றார்கள். அந்த அழிவிலிருந்து மொனராகலைப் பகுதி நெடுங்காலம் எழவில்லை. அவளைப் பேரரசு காப்பாற்றியது என்று எழுத எனக்குக் கை வராததன் காரணம் இதுவே.

மறு ஆண்டில் கதிர்காமத்தைப் பார்க்க வந்தவர் ஜோன் டேவி. விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி, படை மருத்துவர். கல்யாணகிரியின் வழிவந்தவர்கள் போற்றிய, சிறுத்தைத் தோல் விரித்த மண் ஆசனத்தையும் அதன் அருகே எரிந்துகொண்டிருந்த தீயையும் அவர் விரிவாக எழுதிவைத்தார். கல்யாணகிரி இறக்கவில்லை, உடலோடு விண்ணுலகு சென்றார் என்று அங்கிருந்த பிராமணர் சொன்னதையும் குறித்துக்கொண்டார்.

பாலசுந்தரி நெடுநாள் வாழ்ந்தாள். தந்தையின் நாட்டுக்குத் திரும்பவில்லை. யாத்திரிகர்கள் அவளை வணங்கிச் சென்றனர். முதுமையில், தனக்குப் பின் கோயிற் பொறுப்பை ஏற்க மங்களபுரி சுவாமி என்பவரை அவளே தெரிந்து நியமித்தாள். மாணிக்க கங்கைக் கரையிலேயே கண் மூடினாள்.